பொங்கல் லீவில் மசாய் மாரா: ஏழு இரவுக்கு எவ்வளவு?

ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு வாரம் சிங்கமும் யானையும் பார்த்துவிட்டு வர எவ்வளவு ஆகும் என்று யாரைக் கேட்டாலும், முதலில் விமான டிக்கெட் விலையைத்தான் சொல்வார்கள். பேக்கேஜ் விற்பவர்களும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் டிக்கெட் ஒருமுறை கட்டினால் முடிந்துபோகிற செலவு. பையைக் கரைப்பது காட்டில் கழிக்கிற ஒவ்வொரு நாளும்தான்: வாசல் கட்டணம், வண்டி வாடகை, ராத்தங்கல். இந்த மூன்றின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டால், நாலு பேர் கொண்ட குடும்பம் தலைக்கு ஒன்றரை லட்சம், ஒன்று அறுபதுக்குள் கென்யா போய்வர முடியும். பிடிபடாவிட்டால் இதே பயணம் சுலபமாக இரண்டரை லட்சத்தைத் தாண்டும்.

கணக்கைக் குன்றாண்டார்கோவிலிலிருந்து தொடங்குகிறேன். சென்னை, மும்பைக்காரர்களுக்காகப் போடுகிற கணக்கில் ஊரிலிருந்து விமான நிலையம் போகிற செலவும் வராது, தடுப்பூசிக்காகச் சென்னைக்கு அலைகிற செலவும் வராது. கீரனூருக்குக் கிழக்கே, பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயிலைச் சுற்றி அமைந்த ஒன்றியத் தலைமையிடம் இது. குடைவரைக்கு முன்னால் இருக்கும் நூற்றுக்கால் மண்டபத்தைத் தேர்போல் வடித்து, சக்கரம் வைத்து, கல் குதிரைகளைப் பூட்டியிருக்கிறார்கள். காரில் கிளம்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம். அது புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் நகர நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர், துபாய் என்றால் இந்த வட்டாரத்தில் யாரும் மலைப்பதில்லை. சம்பாதிக்கப் போய்ப் பழகிய ஊர்கள் அவை. காசைச் செலவழித்துக்கொண்டு ஊர் சுற்றப் போவதற்குத்தான் இன்னும் கை வருவதில்லை.

முதலில் மாதம். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து மே முழுக்க ஓடுகிறது. கென்யாவில் நீண்ட மழைக்காலம் மார்ச் கடைசியிலிருந்து மே வரை. பிள்ளைகளுக்கு லீவு விட்டாயிற்றே என்று மே மாதம் கிளம்பினால், அங்குள்ள மசாய் மாரா காப்பகத்தின் மண் எப்படி இருக்கும் என்பதைக் கரிசல்காட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அங்கும் பல இடங்களில் கரிசல் மண்தான். ஒரு மழை பெய்தால் டயரில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. அந்த மாதங்களில் சில முகாம்கள் மூடியே கிடக்கும். திறந்திருப்பவை பாதி விலைக்குக் கூப்பிடும். மழையைப் பொருட்படுத்தாதவர்களுக்கு அது மலிவான காலம். முதல்முறை போகிறவர்களுக்கு வேண்டாம்.

எல்லோரும் போக ஆசைப்படுகிற காலம் ஜூலை முதல் அக்டோபர் வரை. தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வைல்டுபீஸ்ட் கூட்டம் புல்லைத் தேடி வடக்கே வந்து, முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றைக் கடக்கும். டிஸ்கவரி சேனலில் நாம் பார்த்தது அதுதான். பதின்மூன்று லட்சம் விலங்குகள் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். செயற்கைக்கோள் படங்களைக் கணினியால் எண்ணிப் பார்த்து 2025-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆறு லட்சத்துக்கும் குறைவுதான் என்றது. எண்ணிக்கை எதுவானாலும் காட்சி பெரிது. அதைப் பார்க்கக் கூடுகிற கூட்டமும் பெரிது. ஆற்றங்கரையில் ஐம்பது அறுபது வண்டிகள் வரிசைகட்டி நிற்க, ஒரு வைல்டுபீஸ்ட் தண்ணீரில் கால் வைப்பதும் எடுப்பதுமாக மூன்று மணி நேரம் போகும். அன்றைக்குக் கடக்காமலே அவை திரும்பிப் போய்விடவும் கூடும்.

அந்தக் காலத்துக்கு வாசல் கட்டணமும் தனி. 2024 ஜனவரியிலிருந்து மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்கு ஆறு மாதம் ஒரு விலை, ஆறு மாதம் ஒரு விலை: ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை 100 டாலர், ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை 200 டாலர். நம் அரையாண்டுத் தேர்வு விடுமுறை டிசம்பர் கடைசி வாரத்தில் வருவதால் சரியாக 200 டாலர் பக்கம் விழுகிறது. பொங்கல் விடுமுறை 100 டாலர் பக்கம். ஜனவரி நடுவில் நாலைந்து நாள் லீவோடு இன்னும் மூன்று நாள் சேர்த்தால் ஒரு வாரம் ஆகிவிடும். அங்கே ஜனவரி, பிப்ரவரி பொதுவாக மழை ஓய்ந்த மாதங்கள். புல் குட்டையாக இருக்கும். சிங்கம் படுத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். வைல்டுபீஸ்ட் பெருங்கூட்டம் அப்போது அங்கே இருக்காது என்பது உண்மை. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, சிவிங்கிப்புலி, கழுதைப்புலி, நீர்யானை எல்லாம் வருஷம் முழுக்க அங்கேயே குடியிருப்பவை. என் ஓட்டு பொங்கலுக்குத்தான். தச்சங்குறிச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாடிவாசல் திறக்கிற மாதத்தில் இந்த ஊர்க்காரர்களை வெளியே கிளப்புவது கஷ்டம் என்பது தெரியாமல் சொல்லவில்லை.

வாசல்சீட்டின் நேரக் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் 24 மணி நேரம் செல்லும். இப்போது காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டுமே. மத்தியானம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்து, "சும்மா ஒரு ரவுண்டு" உள்ளே போனாலும் முழு நாள் கட்டணம். நைரோபியிலிருந்து வருகிற பேக்கேஜ்களில் முதல் நாள் மாலை ஒரு சுற்று என்று போட்டிருப்பார்கள். நாலு பேருக்கு அந்த இரண்டரை மணி நேரத்தின் விலை 400 டாலர். அதற்குப் பதில் வந்த அன்று முகாமிலேயே இருந்துவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் முதல் வண்டியாய் நின்று, சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு சாயங்காலம்வரை உள்ளேயே இருந்தால் கொடுத்த காசு பலிக்கும். முகாம் காப்பகத்துக்கு உள்ளே இருந்தால் கிளம்புகிற நாள் காலை பத்து மணிக்குள் வெளியேறிவிட வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கும் சீட்டு. இதனாலேயே சிக்கனமாகப் போகிறவர்கள் செகெனானி, டலேக் போன்ற வாசல்களுக்கு வெளியே தங்குகிறார்கள். வாசல்சீட்டு 9 முதல் 17 வயதுவரை 50 டாலர். அதற்குக் கீழே இலவசம்.

அடுத்தது வண்டி. கூரை தூக்கித் திறக்கிற லேண்ட் குரூசர், ஓட்டுநர், டீசல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 200 முதல் 300 டாலர் வாக்கில் கேட்பார்கள். வேன் என்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. வறண்ட ஜனவரியில் வேன் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் நாலு பேர் பங்கு போட்டால் லேண்ட் குரூசரே கட்டுப்படியாகும். வண்டிக்குத்தான் வாடகை, ஆளுக்கு இல்லை என்பதால் இரண்டு பேர் போவதும் ஆறு பேர் போவதும் இங்கேதான் வித்தியாசப்படுகிறது. சஃபாரிக்குக் கூட்டாளி சேர்ப்பது சபரிமலைக்கு வண்டி பிடிப்பதுபோலத்தான்: ஆள் நிறைந்தால் எல்லோருக்கும் இறக்கம், ஒருவர் கடைசி நேரத்தில் கழன்றால் எல்லோருக்கும் ஏற்றம். ஆறு பேருக்கு மேல் மட்டும் ஏற்றாதீர்கள். ஜன்னல் கிடைக்காதவர் வீடு திரும்பும்வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

இனி கணக்கு. டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு பெரியவர்கள், ஜனவரி, ஏழு இரவு: நைரோபியில் ஒன்று, நைவாஷா ஏரிக்கரையில் ஒன்று, மாராவில் நான்கு, திரும்பும்போது நைரோபியில் ஒன்று. நைரோபிக்கு ஷார்ஜா வழியாகவோ, மும்பை வழியாகவோ, சென்னையிலிருந்து அடிஸ் அபாபா வழியாகவோ போகலாம். முன்கூட்டியே எடுத்தால் தலைக்கு 50 ஆயிரம் சுற்றி வரும். நாலு பேருக்கு 2 லட்சம். கென்யாவுக்கு 2024 முதல் விசா கிடையாது. இணையத்தில் வாங்குகிற பயண அனுமதிதான். 30 டாலரும் சில்லறையும். நாலு பேருக்கு 11,500 ரூபாய். வண்டி ஆறு நாளுக்கு 220 டாலர் வீதம் 1,18,800. மாராவில் மூன்று முழு நாள் வாசல்சீட்டு 1,200 டாலர், அதாவது 1,08,000. வாசலுக்கு வெளியே கூடார முகாமில் மூன்று வேளைச் சாப்பாட்டோடு தலைக்கு இரவுக்கு 70 டாலர் வீதம் 1,00,800. நைரோபி, நைவாஷா அறைகளுக்கு 32 ஆயிரம் சொச்சம். ஏரியில் படகுக்கு 9 ஆயிரம். ஓட்டுநருக்கு இனாம் நாளுக்கு 20 டாலர் வீதம் கிட்டத்தட்ட 11 ஆயிரம். காப்பீடு, நைரோபிச் சாப்பாடு, தண்ணீர், கைச்செலவு 24 ஆயிரம். தடுப்பூசிக்குச் சென்னை போய்வருவதும் திருச்சிக்குக் கார் வாடகையும் சேர்த்துப் பத்தாயிரம்.

மொத்தம் ஆறேகால் லட்சம். தலைக்கு 1,56,000. இதே பயணத்தை ஒரு தம்பதி தனியாகப் போனால், வண்டியின் முழு வாடகையும் இருவர் தலையில் விழுந்து ஆளுக்கு 1,92,000 வரை போகும். இதே நாலு பேர் ஆகஸ்டில் போனால் வாசல்சீட்டில் மட்டும் 1,08,000 கூடும். முகாமும் சீசன் விலை சொல்லும். அறை, முகாம், வண்டி விலைகள் பேரத்துக்கும் பருவத்துக்கும் தக்கபடி முன்பின் ஆகும். கணக்கின் வடிவம் மாறாது.

பேக்கேஜ்காரர்கள் இதே ஏழு இரவில் மாரா, நகுரு, அம்போசெலி என்று மூன்று காப்பகங்களை அடைத்துத் தருவார்கள். காகிதத்தில் பார்க்க நிறைவாக இருக்கும். நைரோபியிலிருந்து மாராவுக்கு 270 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். அம்போசெலி அதற்கு எதிர்த்திசையில், தான்சானியா எல்லையோரம். வாரத்தில் மூன்று நாள் தார்ச்சாலையில் போய்விடும், ஒவ்வொரு காப்பகத்துக்கும் தனிக்கட்டணம் வேறு. கிளிமஞ்சாரோவைப் பின்னால் வைத்து யானைக்கூட்டத்தைப் படம் எடுத்தே தீருவேன் என்பவர்கள் மாராவை இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் ஒரே இடத்தில் உட்காருவது நல்லது. மாராக் காப்பகம் 1,510 சதுர கிலோமீட்டர். புதுக்கோட்டை மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று நாளில் தீராது.

காலை எப்படி இருக்கும் என்றால், குளிரும். மாரா கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே. ஊட்டிக்கு எடுத்துப்போன ஸ்வெட்டரை மறக்க வேண்டாம். ஐந்தரைக்கு ஒரு காபி, ஆறுக்கு வாசல். கூரையைத் தூக்கிவிட்டு நின்றால் முகத்தில் காற்று அறைகிறது, கண்ணில் நீர் வழிகிறது. முதல் அரை மணி நேரம் மான் கூட்டத்தைப் பார்த்தாலே நிறுத்தச் சொல்வீர்கள். ஓட்டுநர் பொறுமையாக நிறுத்துவார். இரண்டாம் நாள் நீங்களே மானைக் கவனிக்க மாட்டீர்கள். வயர்லெஸ்ஸில் சுவாஹிலி கரகரக்கும், வண்டி சட்டென்று திரும்பும், புதரோரம் நாலு வண்டி நிற்பது தெரியும். சிவிங்கிப்புலி. கன்னத்தில் கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக்கோடு வழிந்திருக்க, கரையான் புற்றின் மேல் ஏறி உட்கார்ந்து தொலைவைப் பார்த்துக்கொண்டிருக்கும். பத்து நிமிஷத்தில் நாலு வண்டி இருபதாகும். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை மதிக்கச் சொல்லி ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இனாமுக்காக விதியை மீறித் தடத்தைவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. நாம் கேட்காவிட்டால் அவர்களும் இறங்க மாட்டார்கள்.

சிவிங்கிப்புலி ஒரு காலத்தில் நம் நாட்டிலும் இருந்தது. 1952-ல் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டார்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு கவலை உண்டு, சாப்பாடு. கென்யாவில் 1896-ல் தொடங்கிய ரயில் பாதை வேலைக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை வெள்ளைக்காரன் கொண்டுபோனான். அதற்கு முன்னும் பின்னும் குஜராத்தி வணிகர்கள் போய்க் குடியேறினார்கள். 2017-ல் கென்ய அரசு ஆசிய வம்சாவளியினரை நாட்டின் 44-வது இனக்குழுவாக ஏற்றது. ஆகவே நைரோபி பார்க்லேண்ட்ஸ் பகுதியில் சப்பாத்தி பருப்புக்குப் பஞ்சமில்லை. முகாம்களிலும் முன்கூட்டிச் சொன்னால் சமைத்துத் தருவார்கள். சோறு கிடைக்கும், சாம்பார் கிடைக்காது. பொடியும் ஊறுகாயும் முறுக்கும் எடுத்துப்போகலாம். பாலிதீன் பையில் மட்டும் கட்டாதீர்கள். 2017 ஆகஸ்டிலிருந்து அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை, கடுமையான அபராதம். காப்பகங்களுக்குள் 2020 முதல் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. டப்பாவும் மஞ்சப்பையும்தான்.

இனி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா போவதற்கு அல்ல, இந்தியா திரும்புவதற்கு. மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் கிடையாது. ஆனால் அதைப் பரப்புகிற கொசு, டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசு, நம் வீட்டுத் தொட்டியில் இருக்கிறது. நோய் ஒருமுறை உள்ளே வந்தால் என்னவாகும் என்று அரசு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஊசி போட்ட அட்டை இல்லாமல் கென்யா போன்ற, அந்த நோய் உள்ள நாடுகளிலிருந்து வந்து இறங்கினால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டு பத்து நாள் ஆன பிறகே அட்டை செல்லும்; ஆயுளுக்கும் ஒருமுறை போதும். கிண்டி கிங் நிலையம், சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில், குறித்த நாட்களில், முன்பதிவு செய்து, அசல் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். அரசு மையத்தில் கட்டணம் 300 ரூபாய்தான். அறுபது வயது தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. பணி ஓய்வுபெற்ற பணத்தில் கிளம்புகிற தம்பதிகளுக்காக இதைச் சொல்கிறேன். மலேரியா மாத்திரையையும் அதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த ஊசி வேண்டாம், சொந்தமாக வண்டி ஓட்டவும் தெரியும் என்றால் தென்னாப்பிரிக்கா இருக்கிறது. அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு, ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு சிறு காரை வாடகைக்கு எடுத்து, க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் நீங்களே போகலாம். வெளிநாட்டவருக்கு நாள் கட்டணம் ஏறத்தாழ 600 ராண்ட், மூவாயிரம் ரூபாய். மாராவில் மூன்றில் ஒரு பங்கு. சுற்றிக்காட்ட வண்டியும் ஓட்டுநரும் தேவையில்லை. ஸ்குகூஸா, சதாரா போன்ற அரசு முகாம்களில் சமையல் வசதியோடு குடில் கிடைக்கும். குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிற குடும்பங்களுக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகம், வண்டியைவிட்டு இறங்கக் கூடாது, வாசல் மூடும் நேரத்துக்குள் முகாம் திரும்ப வேண்டும். மூன்றையும் கறாராகப் பார்ப்பார்கள். விமானம் கென்யாவைவிடக் கூடுதல், விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரமும் காத்திருப்பும் தேவை. கண்ணுக்குப் பழக்கமான ஓட்டுநர் இல்லாமல் சிறுத்தையை நீங்களே கண்டுபிடிக்கவும் வேண்டும்.

அங்கே தமிழர்களுக்கென்று இன்னொரு வழி உண்டு. 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்குப் போன அவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். டர்பனிலிருந்து மூன்று, மூன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது ஹ்லுஹ்லுவே - இம்ஃபொலோசி காப்பகம். 1895-லேயே காப்புக்காடானது. உலகத்தின் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் ஒரு காலத்தில் இந்தக் காட்டில் நூற்றுக்கும் குறைவாக ஒடுங்கியிருந்தன; 1960-களில் இங்கிருந்தே பிடித்து மற்ற காடுகளுக்கு அனுப்பி அந்த இனத்தை மீட்டார்கள். ஒரு வாரத்தில் நாலு நாள் காடு, மூன்று நாள் டர்பனின் தமிழ்க் கோயில்களும் கடற்கரையும் என்று பிரித்தால், வயதானவர்களும் சலிக்காமல் வருவார்கள்.

தான்சானியாவைப் பற்றிச் சுருக்கமாக. செரங்கெட்டி மூன்று புதுக்கோட்டை மாவட்டங்களைவிடப் பெரிது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்வரை தெற்குச் சமவெளியில் வைல்டுபீஸ்ட் கன்று ஈனும் காட்சி ஆற்றைக் கடப்பதற்குக் குறைந்ததல்ல. ஆனால் வாசல் கட்டணத்துக்கு மேல் 18 சதவீத வரி, ங்கொரொங்கொரோ பள்ளத்தில் இறங்க ஒரு வண்டிக்கு வரியோடு 295 டாலர் தனி. மாராவிலிருந்து எல்லையைத் தாண்டி அப்படியே செரங்கெட்டிக்குள் போகலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த வழி சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியிருக்கிறது, வெகுதூரம் சுற்றித்தான் போக வேண்டும். தலைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஒதுக்க முடிந்தவர்களுக்கான இடம்.

பணம் கட்டுவதற்குமுன் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள் சில. சொன்ன தொகையில் வாசல்சீட்டு அடங்கியிருக்கிறதா, எத்தனை நாளுக்கு? வேனா, லேண்ட் குரூசரா, எத்தனை பேர்? முகாம் வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா? கென்யக் கம்பெனி அந்நாட்டுச் சுற்றுலா நடத்துவோர் சங்கமான காட்டோவில் உறுப்பினரா? மசாய் மாரா 4 நாள் என்று போட்டு வாசல்சீட்டு இரண்டு நாளுக்கு மட்டும் கட்டுகிற தந்திரம் பழையது. இந்திய ஏஜென்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் வரியும் பிடிப்பார்கள். அதன் விகிதம் அடிக்கடி மாறுகிறது. வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்றாலும் கிளம்பும்போது கையில் இருக்க வேண்டிய பணம் அது.

வருகிற பொங்கலுக்கு என்றால் பாஸ்போர்ட் வேலையை ஆடியிலேயே தொடங்கிவிட வேண்டும். ஏற்கெனவே இருந்தால் பயணத் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விமான டிக்கெட் புரட்டாசிக்குள், முகாம் முன்பணம் தீபாவளிக்குள், ஊசி மார்கழி பிறப்பதற்குள். அடுத்த பொங்கலுக்குப் பணம் போதாதென்றால் நாலு பேருக்கு மாதம் 17,500 ரூபாய் போட்டுவந்தால் மூன்று வருஷத்தில் ஆறேகால் லட்சம் தேறிவிடும். அதற்குள் மாரா வாசல்சீட்டு ஏறியிருக்கும். இப்போதே 18,500 என்று போட்டு வைப்பது உத்தமம்.